ரோட்டில் கால் படாமல்

கடப்பு என்றால் என்னவென்று நம் வயதுக்காரிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அதற்குள்ளால் நுழைந்து நுழைந்தே வளர்ந்தவர்கள் நாம். இப்போது ஊர் முழுக்க மதில். கடப்பு என்று சொன்னால் இளசுகள் என் வாயைப் பார்க்கின்றன. அவர்களுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். கிடுகு வேலியில் இரண்டு கதியால் கம்புகளுக்கு நடுவே, ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவுக்கு விட்ட இடைவெளி. ஆடு வராமல் குறுக்கே ஒரு தடி கிடக்கும். தடியைத் தாண்டினால் அடுத்த வீட்டு வளவு. அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாவியை நாங்கள் ஆறு என்போம். நடுவால் ரோட்டு ஓடும். எங்களில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். தாய் தன் வளவைப் பிரித்து மகள்மாருக்குக் கொடுப்பாள். ஆண்பிள்ளை கல்யாணம் முடித்துப் பெண்டாட்டி வீட்டுக்குப் போவான். அதனால் கூடப்பிறந்த பெண்கள் எல்லாரும் வேலிக்கு வேலி வரிசையாக இருப்பார்கள். நெருப்புக்கும் உப்புக்கும், பிள்ளைப் பேற்றுக்கும் சண்டைக்கும் கடப்பால்தான் போக்குவரத்து. வாப்பாமாருக்கு இது எதுவும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிவாசல், தேத்தண்ணிக் கடை, பஸ் நிற்கிற இடம்.

என் மூத்தவள், ராத்தா, பெரிய பிள்ளையான வருஷத்தைத்தான் சொல்ல வந்தேன். அறுபதுகளின் தொடக்கம். அவள் எட்டாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. ஒரு நாள் காலையில் ராத்தாவை நடு அறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே நல்லெண்ணெயும் பச்சை முட்டையும் உழுத்தங்களியும் போய்க்கொண்டே இருந்தன. எனக்கு வயிறெரிந்தது. முட்டை எல்லாம் அவளுக்கு, எனக்கு வெறும் சோறும் ஆணமும் என்று அழுதேன். கதவிடுக்கால் எட்டிப் பார்த்தால் ராத்தாவும் அழுதுகொண்டிருந்தாள். முட்டை தின்கிற ஒருத்தி ஏன் அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

தலைக்குத் தண்ணீர் வார்த்து வெளியே விட்ட அன்று விளங்கியது. வழக்கம்போலப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டு, "வா ராத்தா" என்றேன். அவள் அசையவில்லை. உம்மா என் தலையைத் தடவி, "ராத்தா இனி வரமாட்டா. நீ போ" என்றாள். எங்கள் தெருவில் அப்படித்தான். பெரிய பிள்ளையாகிவிட்டால் குமர். குமர் ரோட்டில் நடக்கக் கூடாது. ரோட்டில் நடக்காமல் பள்ளிக்கூடம் ஏது?

ராத்தா கணக்கில் சூரப்புலி. வாப்பா, ஆண்கள் இடுப்பில் உடுக்கிற சாரனை விற்கிற வியாபாரி. தறிக்காரரிடம் சாரன்களை வாங்கி, பொதி கட்டிக்கொண்டு, ஆற்றைக் கடந்து வவுணதீவு, கரடியனாறு என்று படுவான்கரை ஊர்களில் விற்று, வியாழன் பின்னேரம் வீடு வருவார். எந்தச் சாரனில் என்ன லாபம் என்று வாப்பா வாய்க்குள் முணுமுணுக்கும்போதே ராத்தா சொல்லிவிடுவாள். அவருக்கு அதில் பெருமைதான். பெருமை வேறு, விடுவது வேறு.

பட்டணத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிப்பித்த டீச்சர் ஒருவர் இருந்தார். வேதக்கார அம்மா, மடிப்புக் கலையாத சேலையும் கறுப்புக் குடையும். அவர் ஒரு வெள்ளிக்கிழமை, வாப்பா வீட்டில் இருக்கிற நாள் பார்த்து வந்தார். வாப்பா மரியாதையாகக் கதிரை போட்டு, இஞ்சித் தேத்தண்ணி வருவித்தார். உம்மா திரைச்சேலைக்குப் பின்னால் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நான் உம்மாவின் முதுகில் சாய்ந்திருந்தேன்.

"உங்கட மகள் நல்ல கெட்டிக்காரி. வருஷக் கடைசிச் சோதனையை மட்டும் எழுத விடுங்க. பாஸ் பண்ணினா மேல படிச்சு ஒரு டீச்சரா வரலாம். உங்கட ஊருக்குப் பொம்புள டீச்சர் ஒருத்தர் இல்லையே" என்றார் டீச்சர்.

"டீச்சர், அவளுக்கு வீடிருக்கு, வளவிருக்கு, கிணறும் வெட்டியாச்சு. படிப்பு ஆம்புளப் புள்ளைக்கு வேணும். அவன் வெறுங்கையோட பொண்டாட்டி வீட்டுக்குப் போறவன். இவளுக்கு என்னத்துக்கு?"

"வீடு இருந்தா படிக்கக் கூடாதா?"

வாப்பாவுக்கு வந்த ஆளோடு வாக்குவாதப்பட விருப்பமில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்: "குமர் ரோட்டில போனா நாலு பேர் கதைப்பாங்க. ரோட்டில கால் படாம பள்ளிக்கூடம் போக ஒரு வழி இருந்தா தாராளமாப் போகட்டும். நான் மறிக்க மாட்டன்."

அவர் அதை நாசூக்காக மறுத்ததாக நினைத்தார். டீச்சரும் அப்படித்தான் நினைத்தார். பாதித் தேத்தண்ணியோடு எழும்பிப் போய்விட்டார். திரைக்குப் பின்னால் பாக்குவெட்டி மட்டும் நின்றுபோயிற்று.

வாப்பா உள்ளே வந்ததும் உம்மா கேட்டாள், "டீச்சருக்குக் குடுத்த சொல்லு, சொல்லுத்தானே?"

"ஓம் ஓம், சொல்லுத்தான்" என்று தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு ஜும்ஆவுக்குப் போனார். பாவம் மனிசன்.

அடுத்த நாள் அவர் பொதியோடு வெளிக்கிட்டதும் உம்மா அடுப்பை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். முதல் கடப்பு சாச்சி வளவுக்கு. சாச்சி உம்மாவின் தங்கை, எதற்கும் சிரிப்பவள். "இதுக்கென்ன கா, புள்ள என்ட குசினிக்குள்ளாலயே போகட்டும்" என்றாள்.

அடுத்தது பெரியும்மா வளவு. பெரியும்மா உம்மாவுக்கு மூத்தவள். சாச்சிக்கும் அவளுக்கும் ஒரு பலாமரத்தினால் பேச்சு வார்த்தை இல்லை. மரம் ஒருத்தியின் வளவில் நின்றது, காய் மற்றவள் வளவில் தொங்கியது. இரண்டு பேருக்கும் இடையில் இருந்த கடப்பை பெரியும்மா காரை முள் போட்டு அடைத்திருந்தாள். உம்மா வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சினாள். பெரியும்மா அந்தப் பக்கம் நெல் அவித்துக்கொண்டிருந்தாள். ஆவி எங்கள் முகத்தில் அடித்தது.

"உன்ட மகளுக்கெண்டா துறக்கிறன். அவளுக்கில்ல" என்றாள் பெரியும்மா, சாச்சி இருந்த திசையைப் பார்க்காமலே.

முள்ளை இழுக்கும்போது உம்மாவின் புறங்கையில் கீறி இரத்தம் வந்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேலே நடந்தாள்.

அதற்கப்பால் ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய சந்து, குறுக்கிட்டது. ஒழுங்கை ரோட்டா இல்லையா என்பது பெரிய கேள்வி. "வண்டி போகாட்டி அது என்ன ரோட்டு?" என்று உம்மாவே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். ஆனாலும் பயம். அதனால் ஒழுங்கையின் இரண்டு பக்கத்து வீட்டுக்காரிகளும் ஆளுக்கொரு பன்பாயை விரித்துப் பிடிப்பதென்று ஏற்பாடு. நடுவால் ராத்தா நாலு எட்டு வைத்துக் கடந்துவிடுவாள். அதன்பிறகு தூரத்துச் சொந்தக்காரரின் வளவுகள், கடைசியாக மரைக்கார் வளவு. மரைக்கார் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த பெரிய மனிதர், பிடவைக் கடைக்காரர். அவருடைய பெண்டாட்டியை நாங்கள் மாமி என்போம். மாமியின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் பள்ளிக்கூட வேலி. பள்ளிக்கூட வேலியில் இருந்த பொத்தலைப் பையன்கள் ஏற்கெனவே செய்து வைத்திருந்தார்கள். அதற்காக அவர்களுக்கு ஒரு நன்றி.

வியாழக்கிழமை வாப்பா வந்து கால் கழுவும்போதே உம்மா சொல்லிவிட்டாள், மகள் நாலு நாளாகப் பள்ளிக்கூடம் போகிறாள் என்று. வாப்பா செம்பைக் கீழே வைத்தார்.

"எந்த வழியால?"

உம்மா ஒவ்வொரு வளவாகச் சொன்னாள். அந்த வீட்டில் மாப்பிள்ளையாக வந்து அத்தனை வருஷம் இருந்த மனிசன், ஏதோ வெளியூரைப் பற்றிக் கேட்பவர் மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அதுக்குள்ளால எல்லாம் வழி இருக்கா?" என்றார். கடைசியில், "சொன்ன சொல்ல மாத்த மாட்டன். ஆனா புத்தகத்தோட அவள ஒருத்தரும் காணக் கூடாது. ரோட்டில கால் பட்டா அண்டைக்கே நிப்பாட்டிருவன்" என்றார். புத்தகம் இல்லாவிட்டால் அவள் சாச்சி வீட்டுக்குப் போகிற பிள்ளை. புத்தகம் இருந்தால் பள்ளிக்கூடம் போகிற குமர். இது வாப்பாவின் சட்டம்.

ஆகவே ராத்தா வேலிகளுக்குள்ளாலும் அவளுடைய புத்தகங்கள் ரோட்டாலும் போயின. சுமந்தவள் நான். என்னுடைய ஒற்றைக் கொப்பியும் அவளுடைய எல்லாப் புத்தகமும் ஒரு தகரப் பெட்டிக்குள். மேலே ரோசாப்பூ கீறிய பச்சைப் பெட்டி. மூடி இறுகிப்போய்ப் பல்லால் இழுத்தால்தான் திறக்கும். எங்கே போய்த் தொலைந்ததோ தெரியாது. தேத்தண்ணிக் கடையில் இருந்த பெரியவர்கள், "என்ன புள்ள, மூணாம் வகுப்புக்கு இவ்வளவு படிப்பா?" என்று தினமும் கேட்பார்கள். "எங்கட டீச்சர் கடுமை" என்பேன். ஊரில் என்னைப் பெரிய படிப்பாளி என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

ராத்தாவின் பாதை லேசில்லை. ஒவ்வொரு வளவிலும் ஒரு வேலை காத்திருக்கும். சாச்சி ஊசிக்கு நூல் கோர்க்கச் சொல்வாள். பெரியும்மா ஆணத்தில் உப்புப் பார்க்கச் சொல்வாள். ஒருத்தி பிள்ளையின் மருந்துப் போத்தலைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பாள். இன்னொருத்தி சாயம் போட்ட நூலைப் பிழிய ஒரு கை தா என்பாள். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது அவளுடைய விரல் நீலமாக இருக்கும். உடுப்பில் ஆறு குசினிப் புகையும் கோழிக்கூட்டு நாற்றமும் மணக்கும். பின்னேரம் திரும்பும்போது பெண்கள் அவளை மறித்து, "இண்டைக்கு என்னகா படிச்ச?" என்று கேட்பார்கள். பூமி உருண்டை என்று அவள் சொன்ன நாளில், பெரியும்மா அவித்த நெல்லைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு, "அப்ப கீழ இருக்கிறவன் விழமாட்டானா?" என்று கேட்டாளாம். பதிலை அடுத்த நாள் டீச்சரிடம் கேட்டு வந்து ராத்தா சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

அப்படியே வெயில் காலம் வந்தது. சாச்சியின் மகளும் அதற்குள் பெரிய பிள்ளையாகிவிட்டாள். சாச்சி அவளையும் ராத்தாவோடு சேர்த்துவிட்டாள். பெரியும்மா கடப்பில் நின்று இரண்டு பேரையும் பார்த்தாள். "என்ட சொல்லு இவளுக்கு மட்டும்தான்" என்று ராத்தாவைக் காட்டினாள். பிறகு, "நெருப்புப் புடிச்ச அடுப்ப விட்டுட்டு வந்திருக்கன், கெதியாப் போய்த் தொலைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அதிலிருந்து இருவர் போனார்கள்.

ஆகஸ்ட் விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடிய சமயம்தான் மரைக்கார் மதில் கட்டத் தொடங்கினார். எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் மதில். செங்கல் வைத்து, சீமெந்து பூசி, மேலே உடைந்த போத்தல் ஓடு குத்தி, வளவைச் சுற்றிக் கட்டினார். ஆண்கள் பள்ளிவாசல் விட்டு வரும்போது நின்று தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கடை நன்றாக ஓடியது, மனிதர் கட்டினார். ஒரு பெண்பிள்ளையின் படிப்பைக் கல் வைத்து அடைக்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. தன் கோழிக்கூட்டுப் பக்கத்தால் ஒரு பாதை போகிறது என்பதே கண்ணை மூடி மவுத்தாகும் வரைக்கும் அவருக்குத் தெரிந்திருக்காது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். கெடுதல் நினைத்துச் செய்திருந்தாலாவது ஏசலாம்.

மாமி வாசல் பக்கத்தால் சுற்றி வந்து உம்மாவிடம் அழுதாள். "பின்னால ஒரு சின்னக் கதவு வைங்க எண்டு கேட்டன் கா. மதிலுக்கு ஓட்ட வச்சா அது மதிலா எண்டு கேக்கார். என்னத்துக்கு எண்டு சொன்னா, அவர் பள்ளிவாசல்ல போய்ச் சொல்லிருவார். பிறகு உங்கட வூட்டுக்காரருக்குத்தான் கரைச்சல்."

உம்மா வேறு வழி தேடினாள். ஒரு பக்கம் தறிக் கொட்டில். உள்ளே முழுக்க ஆண்கள். மறுபக்கம் ஆற்றங்கரை, காலையில் வலை இழுத்து மீன் பிரிக்கிற இடம், சேறும் ஆண்களும். எப்படிப் பார்த்தாலும் மதில்தான் முட்டியது. டீச்சர் விடுமுறைக்கு முன் ராத்தாவிடம் சொல்லியிருந்தார், கடைசித் தவணையில் வராத பிள்ளையைச் சோதனைக்கு விடமாட்டார்கள் என்று. ராத்தா போய் மூலையில் குந்தி வாப்பாவின் சாரன்களை மடித்து மடித்து வைத்தாள். மடித்ததையே குலைத்துத் திரும்ப மடித்தாள்.

பள்ளிக்கூடம் திறக்கிற காலை. படுவான்கரையில் வெள்ளாமை வெட்டி முடிந்த நேரமாதலால் வாப்பா வியாபாரத்துக்குப் போயிருந்தார். உம்மா, சாச்சி, ஒழுங்கைக்காரிகள், மாமி எல்லாரும் எங்கள் குசினியில் கூடியிருந்தார்கள். யாரும் யாருக்கும் வழி சொல்லவில்லை. அப்போது பெரியும்மா கடப்பைத் தாண்டி வந்தாள். பலாமரச் சண்டைக்குப் பிறகு சாச்சி இருக்கிற இடத்துக்கு அவள் வந்தது அன்றைக்குத்தான்.

"சந்திக்கு அந்தப் பக்கம் ஒரு மவுத்தெண்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

"போவம்" என்றாள் சாச்சி, வாய் தவறி.

"எதால?"

"ரோட்டாலதான்."

"நீங்க போகக்குள்ள குமர்கள் வாறல்லையா? வெள்ளையப் போட்டு மூடிக்கிட்டு, கூட்டத்துக்கு நடுவுல வாறதானே? அப்ப ரோட்டில கால் படல்லையா? மையித்துப் பார்க்கப் போகேலும் எண்டா, படிக்கவும் போகேலும். வெள்ளைய எடுத்து உடுங்கடி."

மையித்து வீட்டுக்கென்று ஒவ்வொருத்தியிடமும் ஒரு வெள்ளைச் சேலை பெட்டிக்கடியில் இருக்கும். போய் எடுத்து வந்தார்கள். கற்பூர வாசமும் பாச்சா உருண்டை வாசமும் குசினியை நிறைத்தன. வாப்பாவின் சட்டத்தை அவருக்குத் தெரியாமல் மீறுவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

ரோட்டில் இறங்கினோம். நடுவில் ராத்தாவும் சாச்சி மகளும், சுற்றிவர வெள்ளைச் சேலைகள், முன்னால் தகரப் பெட்டியோடு நான். பயத்தில் எல்லாரும் தலையைக் குனிந்தே நடந்தார்கள். எங்களைக் கண்டதும் தேத்தண்ணிக் கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினார். உள்ளே இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி உருட்டிக்கொண்டு ஓரம் போனார். மவுத்துச் செய்திக்கு ஓதுகிற இன்னாலில்லாஹியை யாரோ மெல்லிய குரலில் ஓதியது கேட்டது. பெண்கள் கூட்டத்தை மறித்து யாருடைய மவுத்து என்று கேட்கிற வழக்கம் இல்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பட்டணத்து பஸ் வந்து நின்றது. வெள்ளாமைக் காசு புழங்கியதில் சாரன்கள் கெதியாக விற்றுப்போய், வாப்பா வியாழனுக்கு முன்பே திரும்பிவிட்டார். வெறும் பொதித்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கியவர் எங்களைக் கண்டார்.

முதலில் அவருக்கும் மரியாதைதான். ஓரமாக நகர்ந்தார். பிறகு உம்மாவைக் கண்டார். சாச்சியைக் கண்டார். ஜென்மப் பகையான பெரியும்மாவும் சாச்சியும் தோளோடு தோள் ஒட்டி வருவதைக் கண்டார். அவர்கள் இரண்டு பேரையும் ஒன்று சேர்க்க எந்த வீட்டு மவுத்தால் முடியும் என்று அவருக்குத் தெரியும். கடைசியாக என்னைக் கண்டார். என் கையில் ராத்தாவின் பெட்டி. ராத்தாவைக் காணவில்லை.

வாப்பாவின் முகத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் அப்படிப் பார்த்ததில்லை. பொதித்துணி தோளிலிருந்து நழுவி ரோட்டில் விழுந்தது. பெண்கள் கூட்டத்துக்கு முன்னால் நேரே வந்து நின்றார்.

"மகள் எங்க?" என்றார். மறுபடியும், "என்ட மூத்த மகள் எங்க?" என்றார்.

கடைக்காரர் உட்பட எல்லா ஆண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

உம்மா ஒரு நாளும் ரோட்டில் வைத்து வாப்பாவோடு பேசினவள் இல்லை. திரும்பி, ராத்தாவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, முகத்தில் கிடந்த சேலையை ஒதுக்கினாள்.

"இஞ்ச இருக்கா. ஒருத்தரும் மவுத்தில்ல. புள்ள பள்ளிக்கூடம் போறா."

வாப்பா ராத்தாவைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். இரண்டு கையாலும் அவளுடைய கன்னத்தைத் தொட்டார். சுடுகிறதா என்று பார்ப்பவர் மாதிரிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு சந்தி முழுக்கக் கேட்க, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

கடையில் நின்றவர்களும், என்ன ஏது என்று விளங்காமலே, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்கள்.

அதற்கு மேல் யார் என்ன சொல்வது? மகள் பள்ளிக்கூடம் போகிறாள் என்று கேட்டு, அத்தனை பேருக்கு முன்னால் வாய் நிறைய அல்லாஹ்வைப் புகழ்ந்த மனிசன், அதை எந்த முகத்தோடு திருப்பி எடுப்பார்? அவரும் அதை அந்த நிமிஷமே உணர்ந்தார் என்று நினைக்கிறேன். குனிந்து பொதித்துணியை எடுத்து மண்ணைத் தட்டினார்.

பள்ளிக்கூட மணி அடிக்கத் தொடங்கியது. ராத்தா வாப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு பக்கமாக விலகி நின்றார். அவள் என் கையிலிருந்த பெட்டியைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பெண்கள் கூட்டத்தை விட்டு வெளியே வந்து, ரோட்டின் நடுவால் ஓடினாள்.